பனிமலை ஏறிய ரப்பர் பட்டை

மேற்குக் கனடாவின் மலையூர்களில் பனிவண்டி பழுதுபார்க்கும் பட்டறை எதற்குள் நுழைந்தாலும் பெரிய ரப்பர் வளையங்கள் கண்ணில் படும். ஒன்றைப் பிரித்துத் தரையில் கிடத்தினால் சுற்றளவு 174 அங்குலம், அதாவது பதினான்கரை அடி. அகலம் 16 அங்குலம். வெளிப்புறம் முழுக்க மூன்று அங்குல உயரத்துக்கு ரப்பர்த் துடுப்புகள் வரிசையாக நிற்கும். விரலால் அழுத்தினால் வளைந்துகொடுத்து, எடுத்ததும் நிமிரும். உட்புறத்தில் சக்கரப் பல் பதிவதற்கான கட்டைகள். குறுக்கே, வெளியில் தெரியாமல் புதைந்திருக்கும் கண்ணாடியிழைக் கம்பிகள்தான் அதற்கு முதுகெலும்பு. ஸ்கீ-டூ பிராண்டு தன் 'சம்மிட்' ரக மலைவண்டியில் இந்த அளவுப் பட்டையைப் பூட்டி 2015ஆம் ஆண்டு மாடலாக விற்றது. 1960களில் அதே பெயரில் வந்த வண்டியில் ஓடிய பட்டைக்கு அகலம் 15 அங்குலம். சுற்றளவு 114 அங்குலத்தை ஒட்டி. அதன் மேல் இருந்த மேடுகள் ஓர் அங்குலம்கூட இல்லை.

பனிவண்டி என்றதும் எல்லாரும் பேசுவது எஞ்சினைப் பற்றித்தான். எத்தனை குதிரைசக்தி, எவ்வளவு வேகம் என்பதே முதல் கேள்வி. ஆனால் இடுப்பளவு பொடிப்பனியில் வண்டி மேலே நிற்குமா, புதையுமா என்பதைத் தீர்மானிப்பது பட்டை. அதை நீட்டினார்கள், துடுப்பை உயர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தொல்லை தீர்ந்து, வண்டியின் வேறொரு மூலையில் இன்னொன்று முளைத்தது. அதையும் தீர்த்தார்கள். இப்படித் தீர்த்துக்கொண்டே போனதில், வண்டிக்குள் இருந்த தொல்லை ஒரு கட்டத்தில் வெளியேறி மலைச்சரிவில் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தப் பட்டையின் வாழ்க்கைக் கதை அதுதான்.

டாக்டர் வீட்டுக்கு வழி

கதை தொடங்குவது மலையில் அல்ல. கியூபெக் மாகாணத்து வால்கூர் என்ற சிற்றூரில். 1907இல் அங்கே பிறந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே பதினைந்து வயதிலேயே ஒரு பழைய ஃபோர்டு மாடல்-டி எஞ்சினைச் சறுக்குவண்டியில் ஏற்றி, பின்னால் கையால் செய்த விசிறியைப் பொருத்தி ஊருக்குள் ஓட்டிக் காட்டினார். பாதுகாப்பே இல்லாமல் சுழன்ற அந்த விசிறியைப் பார்த்த அப்பா, உடனே கழற்றிப் போடு என்று சொல்லிவிட்டார். பையன் கழற்றினானே தவிர, விட்டுவிடவில்லை. வாலிப வயதில் சொந்தமாக ஒரு மோட்டார் பட்டறை போட்டார். கோடையில் மற்றவர்களின் கார்களைப் பழுதுபார்ப்பார். பனிக்காலத்தில் தன் சோதனைகளில் இறங்குவார்.

அன்றைய கியூபெக் கிராமங்களில் பனிக்காலம் வந்துவிட்டால் சாலை என்று ஒன்று கிடையாது. கார்கள் மாதக்கணக்கில் கொட்டகையில் கிடக்கும். குதிரைச் சறுக்குவண்டி போகுமட்டும்தான் பயணம். 1934 குளிர்காலத்தில் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி முற்றியது. ஷெர்புரூக் நகரத்து மருத்துவமனைக்குக் குழந்தையைக் கொண்டுபோக வழியில்லை. குழந்தை இறந்துவிட்டது.

அவர் அதுவரை செய்த சோதனைகளில் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார். உருளும் சக்கரம் பனியில் புதையும். இரும்புச் சங்கிலித் தடத்தைப் போட்டால் எடை கூடும், ஈரப்பனி அதில் ஒட்டி உறையும். பட்டையை இழுக்கும் பல்சக்கரத்துக்கு ரப்பர் போர்த்தி, ரப்பர்ப் பட்டைகளைக் குறுக்கு எஃகுக் கம்பிகளால் இணைத்து ஓடவிட்டதுதான் அவர் கண்ட விடை. ரப்பரில் பனி ஒட்டாது. ஒட்டினாலும் வளையும்போது உதிர்ந்துவிடும். 1937இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் உட்காரும் பி-7 வண்டி விற்பனைக்கு வந்தது. பிறகு பன்னிரண்டு பேருக்கான பி-12. மருத்துவர்கள், பாதிரியார்கள், தபால்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அதில் போனார்கள். ஆம்புலன்ஸாகவும் ஓடியது. இந்தக் கட்டத்தில் பட்டையின் வேலை ஒன்றே ஒன்று: மூடிப்போன சாலைக்கு மாற்று.

சாலை திறந்ததும்

1948இல் கியூபெக் அரசு குளிர்காலத்தில் சாலைகளின் பனியை அகற்றுவதைக் கட்டாயமாக்கியது. கார்கள் கொட்டகையை விட்டு வெளியே வந்தன. பொம்பார்டியேயின் விற்பனை ஓராண்டுக்குள் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. ஊருக்கு நல்லது நடந்தது, அவர் தொழிலுக்கு அடி விழுந்தது. சாலையில் இனிப் பிழைப்பில்லை என்றானபின் பட்டை சாலை இல்லாத இடங்களைத் தேடிப் புறப்பட்டது. 1953இல் வந்த 'மஸ்கெக்' டிராக்டர் சதுப்பிலும் காட்டிலும் உழைத்தது.

ஒருவர் இருவர் மட்டும் ஏறிப்போகும் சின்ன வண்டி செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்கு நெடுநாளாக இருந்தது. எஞ்சின்கள் அதற்குத் தக்கபடி சிறுக்கவில்லை. இணைப்புகள் நிறைந்த பட்டையும் இலேசாகவில்லை. 1950களின் கடைசியில் இரண்டும் கூடிவந்தன. மூத்த மகன் ஜெர்மேன், மூட்டே இல்லாமல் ஒரே வார்ப்பாக வரும் ரப்பர்ப் பட்டையை உருவாக்கியிருந்தார். அதைப் போட்டு 1959இல் 'ஸ்கீ-டூ' வெளிவந்தது. முதல் பருவத்தில் விற்றவை 225. எஞ்சின் 7 குதிரைசக்தி. ஆரம்பகால வண்டிகளில் ஒன்று ஒன்டாரியோவின் வடகோடியில் லான்ஸ்டவுன் ஹவுஸ் என்ற இடத்தில் பழங்குடிகள் நடுவே பணியாற்றிய ஓர் அருட்தந்தைக்குப் போனது. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிக்கு மாற்றாக அதை நினைத்துத்தான் செய்தார்கள்.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் இணையாக ஒரு கதை நடந்தது. விஸ்கான்சினில் கார்ல் எலியாசன் 1924லேயே படகு மோட்டாரைப் பூட்டி ஒரு மோட்டார்ச் சறுக்குவண்டியை ஓட்டியிருந்தார். மின்னசோட்டாவின் ரோசோ ஊரில் 'போலாரிஸ்' 1950களில் பனிவண்டியில் இறங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான எட்கர் ஹெட்டீன் 1960இல் அலாஸ்காவின் குறுக்கே 1,200 மைல் ஓட்டிக் காட்டினார். பிறகு அதே மனிதர் பிரிந்துபோய்த் தொடங்கியதுதான் 'ஆர்க்டிக் கேட்'.

ரால்ஃப் பிளெய்ஸ்டெட் தலைமையிலான பயணக் குழு 1968 ஏப்ரலில் ஸ்கீ-டூக்களில் வடதுருவத்தை எட்டியது. ஆர்க்டிக் ஊர்களில் நாய்க்கூட்டங்கள் குறைந்தன. பின்லாந்து வடக்கின் ஸ்கோல்ட் சாமி மக்கள் மான்மந்தை மேய்க்கும் முறையையே இந்த வண்டி புரட்டிப்போட்டதை மானிடவியலாளர் பெர்ட்டி பெல்ட்டோ 1973இல் ஒரு முழு நூலாக எழுதினார். 1971இல் வட அமெரிக்காவில் மட்டும் ஐந்து லட்சத்தை நெருங்கும் அளவுக்கு வண்டிகள் விற்றன. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் போட்டிக்கு வந்தன. எண்ணெய் நெருக்கடி வந்ததும் பெரும்பாலானவை கடையைக் கட்டின.

இதெல்லாம் பெரும்பாலும் சமதளத்துக் கதை. உறைந்த ஏரி, காட்டுப் பாதை, துந்திரா. அங்கே பனி காற்றில் இறுகியிருக்கும், அல்லது முன்னே போன வண்டி அழுத்தியிருக்கும். குட்டைப் பட்டைக்கு அதுவே போதும்.

பொடிப்பனி என்ற புதிர்

மேற்கே மலைகள் எழுகின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் நகருக்கு அருகே உள்ள கோப்லண்ட் மலையில் 1971-72 குளிர்காலத்தில் மொத்தம் 24 மீட்டருக்கு மேல் பனி பெய்தது. கனடாவில் பதிவான உச்சம் அது. இப்படிப்பட்ட இடத்தில் இரவில் விழுந்து இறுகாத பனியில் தண்ணீரின் பங்கு பத்தில் ஒன்றுகூட இருக்காது. மீதி வெறும் காற்று. காலை வைத்தால் இடுப்புவரை இறங்கும்.

வண்டி அதில் எப்படி மிதக்கிறது? வண்டி, பெட்ரோல், ஓட்டுபவர் எல்லாம் சேர்த்து 360 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பட்டையின் மொத்தச் சுற்றில் பாதிக்கும் குறைவான பகுதிதான் பனியைத் தொடும். தொடும் பகுதி 60 அங்குல நீளம், 15 அங்குல அகலம் என்றால் சதுர அங்குலத்துக்கு விழும் எடை அரைக் கிலோவுக்கும் கீழே. ஒற்றைக் காலில் நிற்கும் மனிதன் அதைப்போலப் பல மடங்கு அழுத்துகிறான். பட்டை நீண்டால் இந்த எடை இன்னும் பரவும், வண்டி இன்னும் மேலே நிற்கும்.

மிதந்தால் மட்டும் போதாது, முன்னே தள்ளவும் வேண்டும். பொடிப்பனியில் பற்றிக்கொள்ளத் தரை கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கம் சேற்று வயலில் டிராக்டருக்கு டயரோடு கேஜ் வீல் மாட்டுவார்களே, அதே கணக்குத்தான். துடுப்பு ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் உள்ள பனியைப் பிடித்து, அழுத்தி ஒரு கட்டியாக்கி, அந்தக் கட்டியை உதைத்துத்தான் வண்டியைத் தள்ளுகிறது. துடுப்பு குட்டையாக இருந்தால் கட்டி சிறியது, உதைத்தவுடன் உடையும். உடைந்தால் பட்டை வெறுமனே சுழலும். சுழலச் சுழலத் தனக்குக் கீழேயே பள்ளம் தோண்டும். ஐந்தே விநாடியில் வண்டியின் பின்புறம் குழிக்குள், மூக்கு வானத்தைப் பார்த்தபடி நிற்கும். அதற்கப்புறம் மண்வெட்டிதான்.

குட்டைப் பட்டைக்காரர்கள் மலையில் பட்ட பாடு இது. முதலில் கை வைத்தது தொழிற்சாலைகள் அல்ல, மலையூர்ப் பட்டறைகள். பட்டையை மூடியிருக்கும் அலுமினியக் கூட்டின் வாலில் ஒரு துண்டைச் சேர்த்து ரிவெட் அடித்து, உள்ளே ஓடும் தண்டவாளச் சட்டத்தை நீட்டி, நீளமான பட்டையைப் போட்டார்கள். வயோமிங்கின் ஜாக்சன் நகரில் 1976 முதல் நடந்துவரும் மலையேற்றப் போட்டி, எந்த மாற்றம் பலன் தருகிறது என்பதை எல்லார் கண்முன்னாலும் ஆண்டுதோறும் காட்டியது. சமதள வண்டிக்கு 121 அங்குலம் வழக்கமாக இருந்தபோது, மலைக்காரர்கள் 136க்குப் போனார்கள். சந்தை இருக்கிறது என்று தெரிந்ததும் நிறுவனங்கள் பின்னால் வந்தன. ஸ்கீ-டூவின் சம்மிட் 1994இல். அதே பத்தாண்டில் போலாரிஸின் ஆர்.எம்.கே. நீளம் 144, 151, 159, 163 என்று ஏறிக்கொண்டே போனது. துடுப்பு ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு, இரண்டரை என்று வளர்ந்து மூன்றைத் தொட்டது.

பட்டறையில் ஒரு மாற்று

வண்டியைப் புதிதாக வாங்காமல் இருப்பதையே மேம்படுத்த நினைப்பவர் முதலில் மாற்றுவது பட்டையைத்தான். வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால், ஒரு பொருளைத் தொட்டால் எத்தனை பொருள்கள் அசையும் என்பது புரியும்.

வண்டியின் பின்புறத்தைச் சங்கிலியில் தூக்கி நிறுத்துவார்கள். சஸ்பென்ஷன் சட்டத்தைக் கூட்டோடு பிணைத்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் சக்கரங்களோடு சட்டம் முழுவதும் கீழே இறங்கிவரும். பட்டை இப்போது தொளதொளவென்று தொங்கும், ஆனால் வெளியே வராது. முன்பக்கம் அதற்குள்ளே ஓர் அச்சு ஓடுகிறது. எஞ்சின் விசையைக் கொண்டுவரும் சங்கிலிப் பெட்டியைத் திறந்து, எண்ணெயை வடித்து, சங்கிலியைக் கழற்றி, அச்சை உருவிய பிறகே பழைய பட்டை கைக்கு வரும்.

புதியதை நுழைக்கும் முன் இரண்டு கேள்விகள். முதலாவது, பல் இடைவெளி. 163 அங்குலப் பட்டையில் 2.86 அங்குலத்துக்கு ஒரு பிடி என்று 57 பிடிகள். 174 அங்குலத்தில் மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக 58. இடைவெளி மாறினால் அச்சிலுள்ள பல்சக்கரங்களையும் மாற்றியாக வேண்டும். இரண்டாவது, இடம். துடுப்பு அரை அங்குலம் உயர்ந்தால் அது சுழலும்போது கூட்டின் முன்முனையில் உரசும். உரசாமலிருக்கப் பல் குறைந்த சின்னச் சக்கரம் போட வேண்டும், அல்லது அச்சையே இடம் நகர்த்த வேண்டும். எல்லாம் பூட்டியதும் பட்டையின் நடுவில் சில கிலோ எடையைத் தொங்கவிட்டு அது எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து இழுவையைச் சரிசெய்வார்கள். இறுக்கினால் சக்தி வீணாகும். தளர்த்தினால் பல் தாவும். பிறகு மெல்ல ஓடவிட்டு, பட்டை இருபுறச் சட்டத்துக்கும் நடுவே நேராக ஓடுகிறதா என்று பார்ப்பார்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் இல்லை. நீளமும் துடுப்பும் கூடிய பட்டை அதிக எடை. அதைச் சுழற்றவே எஞ்சினுக்குக் கூடுதல் பாடு. அதோடு ஆழ்பனியில் பட்டை வேகமாகச் சுழன்றால்தான் வண்டி பனிக்கு மேலே எழும். மெதுவாகச் சுழன்றால் கீழே போகும். ஆக, கிளட்ச்சுக்கு வேலை வருகிறது. பனிவண்டியில் கியர் மாற்றும் கைப்பிடி கிடையாது. இரண்டு கூம்புக் கப்பிகள், நடுவே ஒரு பெல்ட். எஞ்சின் வேகம் ஏற ஏற, முன்கப்பிக்குள் இருக்கும் சிறு எடைகள் வெளியே வீசி எழுந்து கப்பியை நெருக்கும்; பெல்ட் மேலே ஏறும். இந்த எடைகளைக் கிராம் கணக்கில் கூட்டிக் குறைத்தால் எஞ்சின் எந்தச் சுழற்சியில் நிற்கிறது என்பது மாறும். இன்றைய பெரிய இரட்டைவீச்சு எஞ்சின்களின் முழு வலு நிமிடத்துக்குச் சுமார் 8,000 சுழற்சியில்தான் கிடைக்கிறது. சில நூறு சுழற்சி தவறினாலும் சரிவின் பாதியில் வண்டி மூச்சுவாங்கும்.

மெல்லிய காற்று

அந்த மூச்சுவாங்கலுக்குக் கிளட்ச் மட்டும் காரணமல்ல. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய மூன்று விழுக்காடு வலு போகும் என்பது மலைக்காரர்களின் கணக்கு. 165 குதிரைசக்தி என்று சொல்லி விற்கும் எஞ்சினிடம் 8,000 அடி உயரத்தில் மிஞ்சுவது 125ஐ ஒட்டித்தான். கொலராடோ, வயோமிங் ஓட்டுநர்கள் ஆண்டுக்கணக்கில் இதற்குக் கடையில் டர்போ வாங்கிப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். இரட்டைவீச்சு எஞ்சினுக்கு டர்போ ஒத்துப்போவது கடினம். எரிபொருள் கலவை கொஞ்சம் வறண்டால் பிஸ்டன் உருகும். அப்படி உருக்கிக்கொண்டவர்கள் ஏராளம். 2020 மாடலாக ஸ்கீ-டூ தொழிற்சாலையிலேயே டர்போ பூட்டிய இரட்டைவீச்சு வண்டியைக் கொண்டுவந்தது. 8,000 அடி வரை 165 குதிரைசக்தியும் குறையாது என்பதுதான் அதன் உறுதிமொழி. போலாரிஸும் அடுத்தடுத்து அதே வழியில் வந்தது.

வலு கூடியதும் எடை உறுத்தியது. 2013 மாடலில் போலாரிஸ் சங்கிலிப் பெட்டியையே எடுத்துவிட்டு ஒரு பல்பெல்ட்டைப் போட்டது. எண்ணெயும் இல்லை, இரும்புச் சங்கிலியும் இல்லை. அந்த வண்டியின் வெற்றெடை 190 கிலோவை ஒட்டி இறங்கியது. பட்டையின் நீளம் வேறொரு வகையில் உறுத்தியது. நீளமான வண்டி நேராகப் போகத்தான் ஆசைப்படும்; மரங்களுக்கு நடுவே சாய்த்துத் திருப்ப மறுக்கும். இதற்கு ஸ்கீ-டூ அதே 2013இல் சொன்ன விடை: பட்டைக்குள்ளிருக்கும் கண்ணாடியிழைக் கம்பிகள் விளிம்பு வரை போகாமல் உள்ளேயே நிற்கட்டும், விளிம்பு வளையட்டும், சஸ்பென்ஷனின் பின்பகுதியும் பக்கவாட்டில் சற்று அசையட்டும். நீளத்தைக் குறைக்காமலே வண்டி சாயப் பழகியது.

குளிரூட்டலிலும் ஒரு வேடிக்கை உண்டு. இந்த வண்டிகளுக்குத் தனியாக விசிறி வைத்த ரேடியேட்டர் இல்லை. பட்டை வாரியடிக்கும் பனி கூட்டின் உட்கூரையில் மோதி அங்கே ஓடும் குளிர்நீரைத் தணிக்கிறது. பொடிப்பனியில் இதில் குறையே வராது. ஆனால் மலைக்குப் போகும் வழி பெரும்பாலும் இறுகி உறைந்த காட்டுச்சாலை. அங்கே வாரியடிக்கப் பனி இல்லை. எஞ்சின் கொதிக்கும், தண்டவாளச் சட்டத்தின் பிளாஸ்டிக் உராய்ந்து உருகும், மூன்றங்குலத் துடுப்பு வேகத்தில் சூடேறிப் பிய்ந்தும் போகும். இதற்காகவே சட்டத்தின் இருபுறமும் வளைந்த இரும்புக் கம்பிகளைத் தொங்கவிட்டு, அவை பனிக்கட்டியைச் சுரண்டி மேலே தூவும்படி செய்திருக்கிறார்கள். ஆழத்துக்காகவே வளர்ந்த பட்டைக்கு, தான் பிறந்த சாலையே இப்போது ஆகாது.

உட்கார்ந்தவர் எழுந்து நின்றார்

பழைய வண்டியில் ஓட்டுபவர் பின்னால் தள்ளி உட்கார்ந்து காலை முன்னே நீட்டியிருப்பார். 2003 மாடலில் ஸ்கீ-டூவின் 'ரெவ்' சட்டம் அவரை முன்னே கொண்டுவந்து, எழுந்து நிற்க வசதி செய்தது. பனிவண்டிப் பந்தயத்துக்காக உருவான அந்த அமைப்பு, ஓராண்டில் மலைவண்டிக்கும் வந்தது. இன்றைய மலை ஓட்டுநர் நாள் முழுக்கப் பெரும்பாலும் நின்றபடிதான் ஓட்டுகிறார்.

சரிவின் குறுக்கே போகும்போது இந்த நிற்றல் ஒரு தனிக் கலை. மலை இடப்பக்கம் என்று வையுங்கள். ஓட்டுபவர் வலது காலை இடப்பக்கத்து மிதிபலகையில் ஊன்றுவார். இடது கால் அந்தரத்தில், மலையை உரசியபடி. கைப்பிடியை மலைக்கு எதிர்ப்புறமாகத் திருப்புவார். திருப்பியதும் வண்டி மலையை நோக்கிச் சாய்ந்து, வலது ஸ்கீ காற்றில் எழ, இடது ஸ்கீயும் பட்டையின் ஒரு விளிம்பும் மட்டும் பனியைக் கீறிக்கொண்டு ஓடும். விசையைக் கொஞ்சம் கூட்டினால் மேலே ஏறும், கொஞ்சம் விட்டால் கீழே இறங்கும். ஒரு நொடி தயங்கினால் வண்டி கீழ்ப்பக்கமாக உருளும். வளையும் விளிம்பும் குறுகலாக வைத்த ஸ்கீக்களும் இந்தச் சாய்வுக்காகவே. நல்ல ஓட்டுநர் இரண்டங்குலத் துடுப்பில் போகும் இடத்துக்குப் புதியவர் மூன்றங்குலத் துடுப்போடும் போக முடியாது என்பதை மலைக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள், உண்மையும் அதுதான்.

மலை கொடுத்த பதில்

பனிச்சரிவுகள் பெரும்பாலும் உடைவது 30 முதல் 45 பாகை சாய்வில். குட்டைப் பட்டை வண்டி அந்தச் சாய்வை எட்டுவதற்குள் பனியில் புதைந்து நின்றுவிடும். ஓட்டுபவர் சலித்துக்கொண்டு மண்வெட்டியை எடுப்பார். அந்தச் சலிப்பே அவருக்குக் காவல் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. நீளப் பட்டை அந்தக் காவலை எடுத்துவிட்டது. யார் அதிக உயரத்தில் தடம் பதிப்பது என்ற விளையாட்டில், செங்குத்துச் சரிவில் ஏறி உச்சியருகே வளைந்து இறங்குவது வழக்கமானது. அடுக்குப் பனியின் பலவீனமான அடி அடுக்கை எழுப்பிவிட இதைவிடத் தோதான முறை கிடையாது.

2008 டிசம்பர் 28 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி பகுதியில் பதினொரு பேர் கொண்ட பனிவண்டிக் குழு ஒன்று பனிச்சரிவில் சிக்கியது. முதலில் புதைந்தவர்களைத் தோண்டப் போனவர்கள்மேல் அடுத்த சரிவு விழுந்தது. எட்டுப் பேர் திரும்பவில்லை. 2010 மார்ச் 13 அன்று ரெவல்ஸ்டோக் அருகே பௌல்டர் மலையில், மலையேற்ற விளையாட்டைப் பார்க்கக் கூடிய கூட்டத்தின்மேல் பனிச்சரிவு இறங்கியது. இரண்டு பேர் இறந்தார்கள், முப்பது பேரளவில் காயமடைந்தார்கள். புதைந்தவருக்கு முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் வாய்ப்பு. அதற்குள் வந்து சேரக்கூடியவர் கூட வந்த நண்பர் மட்டுமே. ஆகவே ஒருவர் சரிவில் இருக்கும்போது மற்றவர் அதில் ஏறக்கூடாது, சரிவின் அடியில் வண்டிகளைக் கூட்டமாக நிறுத்தக்கூடாது என்பவை மலையோட்டத்தின் அரிச்சுவடியாகிவிட்டன.

ஆளில்லாத இடத்துக்கும் ஒரு விலை இருந்தது. அந்த மலைகளில் வாழும் மலைக் கரிபூ மான்களுக்குக் குளம்பு அகலம். குளிர்காலத்தில் மற்ற விலங்குகள் பள்ளத்தாக்குக்கு இறங்கும்போது இவை மேலே ஏறும். ஆழ்பனியில் ஓநாயால் பின்தொடர முடியாது என்பதுதான் அவற்றின் பாதுகாப்பு. பட்டை போன தடத்தில் பனி இறுகும். இறுகிய தடம் ஓநாய்க்கு நல்ல பாதை. காடு அழிந்ததுதான் கரிபூவின் வீழ்ச்சிக்குப் பெரிய காரணம் என்றாலும், பிரிட்டிஷ் கொலம்பியா அரசு 2009இல் பெரும் பரப்புகளைப் பனிவண்டிக்கு மூடியது. பட்டைக்கு எட்டாத இடம் என்பது ஏறக்குறைய இல்லாமல் போன பிறகு, எல்லையை வரைபடத்தில் கோடாகப் போட வேண்டியிருந்தது.

அடுத்தது என்ன? யமஹா பனிவண்டித் தொழிலிலிருந்து விலகுவதாக 2023இல் அறிவித்தது. மின்சார வண்டிகள் சமதளப் பாதைகளில் ஓடத் தொடங்கிவிட்டன. ஆனால் மின்கலத்தின் எடை, கிலோ கிலோவாகக் குறைத்து வந்த மலைவண்டிக்கு இன்னும் ஒத்துவரவில்லை. ரப்பரிலும் இனி மூன்றங்குலத்துக்கு மேல் அதிகம் இடமில்லை. மேலே உயர்ந்தால் துடுப்பு பனியைத் தள்ளாமல் தானே மடங்கும். எண்பது ஆண்டுகளாக நீண்டும் உயர்ந்தும் வந்த பொருள் இப்போதுதான் தன் அளவைக் கண்டிருக்கிறது.

கனடாவின் பனிச்சரிவு எச்சரிக்கை அமைப்பான 'அவலாஞ்ச் கனடா'வின் தலைமையகம் ரெவல்ஸ்டோக்கில்தான் இருக்கிறது. நீளப் பட்டைக்காரர்கள் பருவம் முழுக்க வந்து குவியும் அதே ஊரில். அதன் முதல்நிலைப் பயிற்சிக்கு இரண்டு நாள் போதும்: வகுப்பில் ஒரு நாள், மலையில் ஒரு நாள். பனிவண்டிக்காரர்களுக்கென்று தனி வகுப்புகளும் உண்டு. சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் சேர்ந்தாலும் ஒரு புதுப் பட்டையின் விலையை ஒட்டித்தான் வரும். பொடிப்பனிக்காக வண்டியை மேம்படுத்தப் பணம் சேர்த்து வைத்திருப்பவர் இந்த இரண்டு நாளிலும் இந்த மூன்று கருவிகளிலும் தொடங்கட்டும். அடுத்து ஒரு பருவம் முழுக்க, இருக்கிற பட்டையிலேயே சரிவில் நிற்கப் பழகட்டும். அதற்குப் பிறகும் வண்டி போதவில்லை என்று தோன்றினால் பட்டையை மாற்றலாம். டர்போ கடைசிதான்.